இழுத்தால் நடப்பவர்

சனிக்கிழமை என்றால் குளவிக்காரருக்கு அரை நாள் வேலைதான். மதியம் வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குளியலறைக்குள் போனவர், அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. குழாய் திறந்தே கிடந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைத் தானே வேடிக்கை பார்த்தபடி நின்றார். இரண்டு உள்ளங்கைகளும் தாடையிலிருந்து நெற்றிக்கு ஏறின, நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்கு இறங்கின, மறுபடியும் தாடைக்கு வந்தன. சோப்பு எப்போதோ போய்விட்டது. கன்னம் சிவந்து எரிந்தது. போதும் என்று தோன்றாமல் இல்லை. பத்துத் தடவையாவது தோன்றியிருக்கும். தோன்றியதோடு சரி.

“உள்ள என்னங்க நடக்குது? மூஞ்சியக் கழுவுறீங்களா, வெள்ளையடிக்கிறீங்களா?”

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, உதட்டில் குண்டூசி இருந்தது. குழாயை மூடிவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கைகள் நின்றன. கால்கள் நடந்தன. ஹாலில் ஜன்னலோர நாற்காலி வரை நல்ல பிள்ளையாக அவள் பின்னாலேயே வந்து, அவள் தோளை அழுத்தியதும் உட்கார்ந்தார்.

“ஒரு கால்ல ஷூ, ஒரு கால் வெறுங்கால். எந்த உலகத்துல இருக்கீங்கன்னே தெரியல. கழட்டிட்டு உக்காருங்க, தோ வர்றேன்.”

அவள் வரவில்லை. பள்ளிக்கூட நாடகத்துக்கு நாற்பது உடைகள் ஒப்புக்கொண்டிருந்தாள், திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். பக்கத்து அறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. மிஷினில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் இடி விழுந்தாலும் ஒரு தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

ஷூவைக் கழற்ற வேண்டும். உலகத்தில் இதைவிடச் சின்ன வேலை உண்டா? குனிய வேண்டும், நாடாவை இழுக்க வேண்டும், குதிகாலைப் பிடித்து உருவ வேண்டும். குளவிக்காரர் அதை மனசுக்குள் முழுக்கச் செய்து பார்த்தார். விரல் நுனியில் நாற்காலிக் கைப்பிடியின் சொரசொரப்பு தெரிந்தது, ஈரச் சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டியிருப்பது தெரிந்தது, பின்பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எங்கும் வலி இல்லை, எதுவும் மரத்துப்போகவில்லை. எல்லாம் தயாராக இருந்தது, குனிவதைத் தவிர. இன்னொரு தடவை நினைத்தார். இன்னொரு தடவை. சாவியைத் திருப்பினால் வண்டி உறுமவாவது செய்யும். இங்கே அந்த உறுமலும் இல்லை.

சும்மா உட்காருகிற ஆளா அவர்? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று மாமியாரே கேலி செய்வாள். தொலைபேசியில் பேசினால்கூட வீட்டை நாலு சுற்றுச் சுற்றித்தான் பேசுவார். அந்த மனிதர் இப்போது ஒற்றை ஷூவோடு, அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஊரில் வேறு எவருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

பதினோரு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் குளவி வளர்ப்பதுதான் அவர் பிழைப்பு. பச்சையும் நீலமுமாக மின்னுகிற குளவி, தொடை மட்டும் செக்கச் சிவப்பு. கரப்பான் பூச்சிதான் அதற்கு இரை. பார்க்க வருகிறவர்களுக்கு அவரே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரசித்து ரசித்து விளக்குவார். இது கரப்பானைக் கொல்லாதுங்க, முடக்கவும் முடக்காது. முதல் குத்து மார்பில். முன்னங்கால்கள் ஐந்து நிமிஷம் துவண்டுவிடும், திமிர முடியாது. அந்த ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டாவது குத்து, கழுத்து வழியாக மூளைக்குள், தேடிப் பார்த்து இறக்கும். பிறகு கரப்பான் அரை மணி நேரம் உட்கார்ந்து தன் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதோடு முடிந்தது கதை. காலில் பலம் இருக்கும், கண் தெரியும், ஓட முடியும். ஓடத் தொடங்குவதுதான் நடக்காது. குளவி அதன் மீசையைக் கவ்வி இழுத்தால் பின்னாலேயே நடந்து போகும், பொந்து வரைக்கும். உள்ளே காலில் ஒரு முட்டை. பிறகு கிடைத்த கல்லையும் குப்பையையும் வைத்து வாசலை அடைத்துவிட்டுக் குளவி போய்விடும். முட்டையிலிருந்து வருகிற புழுவுக்குக் கரப்பான் உயிரோடு இருந்தாக வேண்டும், கெட்டுப்போகாத சாப்பாடு வேண்டுமல்லவா? முட்டை வைக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் விஷம் இறங்கி, கரப்பான் பழையபடி ஓடும்.

மனிதர்களுக்கு இதனால் ஆபத்து இல்லை என்று வாசலில் பலகை மாட்டியிருந்தது. எழுதியவனை அது குத்தியதில்லை போலும். இரண்டு வருஷமாகப் பெரிய சாதிக் கரப்பான்களைப் போட்டு வளர்த்ததில் நாலாம் கூண்டுக் குளவிகள் கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஆராய்ச்சிக்கூடத் தலைவி டாக்டரம்மாவுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. இவருக்கும்தான், பொய் சொல்வானேன்.

காலையில் நடந்ததெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நினைவு வந்தது. கரப்பான்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று கூப்பிட விடுகிற வாசனை ஒன்று உண்டு, ஃபெரோமோன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதைத் துளித்துளியாகத் தாளில் ஊற்றிக் கூண்டில் வைத்தால் குளவிகளுக்கும் வேட்டை வேகம் வந்துவிடும். தாள் குளிர்ந்திருந்தால் வாசனை எழும்பாது. அதனால் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்து நிமிஷம் வைத்துக்கொள்வார், உடம்புச் சூட்டில் நன்றாக எழும்பும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவராகக் கண்டுபிடித்த வித்தை அது. இன்று இரண்டு தாள் மடித்து வைத்தார். ஒன்றைத்தான் வெளியே எடுத்தார்.

புழுக்கம் தாங்காமல் கழுத்துத் துணியையும் கட்டவில்லை. காலருக்குள் எறும்பு கடித்ததுபோல் மார்பில் ஒரு சுருக்கென்ற வலி. கைகள் துவண்டு பேனா கீழே விழுந்தது. பசி மயக்கம் என்று நினைத்தார். பேனாவை எடுக்கக் குனிந்தபோது பிடரியில் இன்னொரு சுருக். கைகளுக்குத் தெம்பு திரும்பியதும் கூண்டை எண்ணினார். இருபத்து மூன்றுதான் வந்தது. ஒன்று குழாய்க்குள் ஒளிந்திருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பலகையில் இருபத்து நான்கு என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் கூட்டம் ஏற்றியது, கூட்டம் இறக்கியது, கால் போன பழக்கத்தில் வீடு வந்தது. வாசலில் வலது கால் ஷூவைக் கழற்றியதுதான் அவர் தானாகச் செய்த கடைசி வேலை.

அப்படியானால் அந்த இருபத்து நான்காவது எங்கே?

குத்திய இரையை விட்டுவிட்டு அது போகாது, சட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்திருக்கும். பொந்து தேடப் போகும். கிடைத்ததும் திரும்பி வரும்.

மிஷின் ஓடியது. நின்றது. நின்ற இடைவெளியில், திரைச்சீலைக்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடியில் ஏதோ மெல்லத் தட்டியது. மிஷின் மறுபடி ஓடியது.

முதலில் வந்தவை கரப்பான்கள். பட்டப்பகலில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக் கதவிடுக்கிலிருந்து ஒன்று வந்தது. பின்னால் இரண்டு. வெளிச்சத்தைக் கண்டால் தலைதெறிக்க ஓடுகிற ஜென்மங்கள், வெயில் விழுந்த தரையில் நிதானமாக மீசையை ஆட்டிக்கொண்டு நேராக அவர் நாற்காலிக்கு வந்தன. அவருடைய சட்டைப் பையிலிருந்து, உடம்புச் சூட்டில், வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. மனித மூக்குக்கு அது ஈரச் சாக்குப்பை வாடை. ஒரு கரப்பான் வெறுங்காலில் ஏறியது. முழங்கால் வரைக்கும் அதன் ஆறு கால்களையும் அவர் தனித்தனியாக உணர்ந்தார். உதறவில்லை.

“அய்யே! அப்பா, உன் ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க!”

வாலு. ஆறு வயது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, வீட்டில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. துடைப்பத்தை எடுத்துவந்து கரப்பான்களை அடித்து விரட்டினாள், பெரிய வீராங்கனை மாதிரி. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எழுந்து போகவில்லை, ‘அப்புறம் வாடா’ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியதுபோல் ஆகிவிட்டது. மடியில் ஏறி உட்கார்ந்து அவர் தலைமுடியில் நான்கு கிளிப்புகள் குத்தினாள். அவருடைய வலது கையை எடுத்து இடது கையில் ஒரு தட்டுத் தட்டினாள். கை தட்டத் தொடங்கியது. தட்டிக்கொண்டே இருந்தது.

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். “போதும்பா! அப்பா, நீ பொம்மையா?”

“பொம்மை,” என்றார்.

குரல் வந்துவிட்டது! அவருக்குள் ஏதோ துள்ளியது. பேச முடிகிறது. குளவி என்று சொல். ஓடு என்று சொல். அம்மாவைக் கூப்பிடு என்று சொல். உதடு அசையவில்லை.

“உனக்குப் பசிக்குதா?”

“பசிக்குது.”

“கோவமா?”

“கோவம்.”

குழந்தையின் முகம் வாடியது. கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். இல்லடா கண்ணு, கோவம் இல்லடா என்று உள்ளுக்குள் அவர் கதறினார். இப்போது அதுவும் புரிந்துவிட்டது. எடுத்துக்கொடுத்த வார்த்தையைத்தான் வாய் திருப்பிக் கொடுக்கும், எடுத்து வைத்த காலைத்தான் உடம்பு தொடரும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும். குளவி குத்திச்சா? அவ்வளவுதான். இரண்டே வார்த்தை.

தொலைபேசி அடித்தது. மனைவி நூல் கத்தரித்த கையோடு வந்து எடுத்தாள். “ஏங்க, உங்க டாக்டரம்மா,” என்று அதை அவர் காதில் வைத்து, தோளை அண்டக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

“சார், வீட்டுக்குப் போன பிறகும் தொந்தரவு பண்றேன். நாலாம் கூண்டுல இருபத்து மூணுதான் தெரியுது. நீங்க இருபத்து நாலுன்னு எழுதியிருக்கீங்க. சரியா எண்ணினீங்களா?”

“எண்ணினேன்.”

இல்லை! இல்லை!

“அப்ப குழாய்க்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கா?”

“ஒளிஞ்சிருக்கு.”

“நல்ல வேளை. ஒரு நிமிஷம் பதறிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். திங்கட்கிழமை பாக்கலாம்.”

பதினோரு வருஷம் நேர்மையாக எண்ணி எண்ணிச் சம்பாதித்த நல்ல பெயர் அது. அந்த நல்ல பெயரே அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டது. மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு, கிளிப்பு குத்திய தலையைப் பார்த்துச் சிரித்தாள்.

“இந்த மனுஷன் ஒரு நாளாவது இப்படி அடங்கி உக்காந்து நான் பாத்ததில்ல. உடம்பு அசதியா?”

“அசதி.”

“ரெஸ்ட் எடுங்க. நான் ஸ்கூல் வரைக்கும் போய் அந்தப் பிள்ளைங்களுக்கு அளவு போட்டுப் பாத்துட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம். வாலு இங்கயே இருக்கட்டும். இருப்பீங்கல்ல?”

“இருப்பேன்.”

என் கையைப் பிடி. கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, ஒரே ஒரு தடவை கையைப் பிடித்து இழு. வாசல் வரைக்கும் இழு. அவள் குனிந்து, இவ்வளவு நேரமும் கிடந்த இடது ஷூவை உருவி ஓரமாகப் போட்டாள். “இதையும் நான்தான் செய்யணும்,” என்றாள். துணி மூட்டையைத் தோளில் போட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மிஷின் சத்தமும் இல்லாமல் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டியது. மதிய வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டே போனது. விளையாடிக் களைத்த வாலு, அவர் மடியிலேயே சுருண்டு, கன்னத்தைச் சட்டைப் பைமேல் அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டாள். அவளுடைய வியர்வை அவர் சட்டையில் ஊறியது, சட்டையின் வாடை அவள் கன்னத்தில் ஏறியது. அந்த ஈரச் சாக்குப்பை வாடை இப்போது குழந்தையின் தலைமுடியிலிருந்தே வந்தது.

எழுந்திருடா. மடியைவிட்டு இறங்குடா. அப்பாவிடம் வராதே.

திரைச்சீலை அசைந்தது. காற்று இல்லை.

அது வெளியே வந்தது. துணியின் விளிம்பில் நின்று இறக்கையை ஒரு தடவை சிலுப்பியது. பச்சை. நீலம். சிவப்புத் தொடை. எத்தனை ஆயிரம் தடவை பார்த்த அழகு! சாமான் அறைக் கதவிடுக்கு வரை பறந்து போனது, உள்ளே நுழைந்தது, வெளியே வந்தது. இடம் பிடித்துவிட்டது. பிறகு தரையோடு தரையாக, நின்று நின்று, விட்டு விட்டு ஓடி, நாற்காலிக்கு வந்தது.

அவர் கணுக்காலில் ஏறியது. முழங்காலைத் தாண்டியது. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. கழுத்து, தாடை. மூக்கின் மேல் நின்று இரண்டு மீசைகளாலும் அவர் கண்ணிமையைத் தட்டியது. வலது புருவத்தில் ஒரு முடியைக் கவ்வி இழுத்தது.

இழுப்பு தெரிந்தது. வலித்தது. ஆனால் எண்பது கிலோ உடம்பை நாற்காலியிலிருந்து கிளப்ப அந்த இழுப்பு பற்றாது. கிளம்பிவிட்டால் போதும், நடந்துவிடுவார். குளவி இன்னொரு முடியைக் கவ்வியது. மறுபடியும். மறுபடியும். பிறகு விட்டுவிட்டது.

அவருக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. ஐயோ, அந்த நிம்மதிக்கு ஆயுள் மூன்று விநாடிதான். பார்வையாளர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார், எத்தனை தடவை. இரை இழுக்க முடியாத அளவுக்குப் பெரிசா இருந்தா குளவி அத விட்டுடுமுங்க. அதே வாசனையில சின்னதா ஒண்ணு தேடிக்கும்.

குளவி அவர் தாடையிலிருந்து சட்டைக்கு இறங்கியது. சட்டையிலிருந்து குழந்தையின் கன்னத்துக்கு.

அடி. கையைத் தூக்கி அடி. கை அங்கேதான் இருக்கிறது, குழந்தையின் முதுகுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில், நகம் வெட்டிய, பேனா மை ஒட்டிய, முழுப் பலமுள்ள கை. விரலை மடக்கிப் பார்க்கலாம். மடக்கவில்லை. மூச்சை ஊதலாம். ஊதவில்லை. கத்தலாம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும், யாரும் இழுக்காமல், தானாக வழிந்தது.

குழந்தையின் கழுத்துப் பட்டைக்குள் அது நுழைந்தது. வாலுவின் தோள் துள்ளியது. “ம்ம்…” என்று சிணுங்கினாள். சட்டையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து கீழே தொங்கின. குளவி அவளுடைய பிடரிக்கு வந்தது. முடியை விலக்கியது. அவசரமே இல்லை. இடம் தேடியது. சிவப்புத் தொடைகளை ஊன்றிக்கொண்டது.

வயிறு வளைந்தது.

அவர் பார்த்தார். கண்ணை மூடவும் முடியவில்லை.

நேரம் போனது. குழாய் சொட்டியது. வாலு எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து முகத்தைத் துடைத்தாள். தாடையிலிருந்து நெற்றிக்கு. நெற்றியிலிருந்து காதுக்கு. காதிலிருந்து கழுத்துக்கு. மறுபடியும் தாடை. பிஞ்சுக் கன்னம் சிவந்தது. ஜன்னல் கம்பி நிழல் எதிர்ச் சுவரில் ஏறியது. அவள் நிறுத்தினாள்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

குளவி அவளுடைய நெற்றியில் விழுந்திருந்த ஒற்றை முடிக்கற்றையைக் கவ்வியது. இழுத்தது.

வாலு இறங்கினாள்.

எடையே இல்லாத குழந்தை. கால் தரையில் பட்டது. குளவி பின்னோக்கிப் பறந்தபடி இழுத்தது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஓரடி வைத்தாள். ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் செய்கிற பழக்கம், அவளுடைய இடது கை, இறங்குகிற வேகத்திலேயே, அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது.

பிடி இறுகியது. விரல் இழுபட்டது.

அவர் எழுந்தார்.

எழுந்துவிட்டார்! மதியத்திலிருந்து தவமாய்த் தவமிருந்து கேட்டது இதைத்தானே. முழங்கால் நிமிர்ந்தது, பாதம் ஊன்றியது, உடம்பு அவ்வளவு இலகுவாக, அவ்வளவு கீழ்ப்படிதலாக நடந்தது. வாசல் இடது பக்கம் இருந்தது. ஆறே அடி. கால்கள் வலது பக்கம் போயின. முன்னால் பச்சை மினுமினுப்பு, அதன் பின்னால் குழந்தை, குழந்தையின் பின்னால் கிளிப்பு குத்திய தலையோடு அப்பா. சாமான் அறைக் கதவை வாலுவின் தோள் தள்ளித் திறந்தது. உள்ளே பழைய பாய், அட்டைப்பெட்டி, மண்ணெண்ணெய் வாடை. அங்கே குளவி விட்டது. அவர்கள் நின்றார்கள்.

கதவு வழியாக வந்த வெளிச்சத்தில், அளவு எடுக்கும்போது அம்மாவுக்கு முன்னால் நிற்பதுபோல், வாலு ஆடாமல் அசையாமல் நின்றாள். குளவி அவளுடைய கெண்டைக்காலில் இறங்கியது. நெடுநேரம் அங்கேயே இருந்தது. அது நகர்ந்தபோது அந்த இடத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது, ஈரமாக.

ஒரு வாரம் என்று மனசுக்குள் சொன்னார். ஒரு வாரத்தில் விஷம் இறங்கிவிடும். முட்டை பொரிய எத்தனை நாள் என்பதும் அவருக்குத் தெரியும். மூன்று.

வாசல் கதவு திறந்தது. துணி மூட்டை பொத்தென்று விழுந்தது.

“வாலு! ஏங்க! எல்லாத்துக்கும் அளவு சரியா இருக்குங்க, தெரியுமா?” செருப்புச் சத்தம் ஹாலைத் தாண்டி, சமையலறைக்குப் போய், திரும்பி வந்தது. அவளுடைய நிழல் சாமான் அறை வாசலில் விழுந்தது. பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. கதவுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் அவர்கள் நின்றார்கள்.

“இத வேற தொறந்து போட்டுட்டு… கரப்பான் வராம என்ன செய்யும்.”

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

“அப்பாவும் பொண்ணுமா வெளிய போயிட்டீங்களா?” என்று வீட்டைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்.

“போயிட்டோம்,” என்றது இருட்டுக்குள் ஒரு கனத்த குரல், மிக மெதுவாக.

“போயிட்டோம்,” என்றது இன்னொரு குரல், கீச்சென்று.

மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

கதவுக்கு அடியில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தது. குளவி அதன் வழியாக வெளியே போனது. கொஞ்ச நேரத்தில், மிஷினுக்கு அடியில் விழுந்து கிடந்த ஒரு சிவப்புத் துணித்துண்டு அந்த இடுக்கில் வந்து செருகிக்கொண்டது. பிறகு ஒரு பொத்தான். பிறகு மஞ்சள் துணி, நூல் சுருள், இன்னொரு பொத்தான். அவருடைய உள்ளங்கைக்குள் குழந்தையின் கை சூடாக இருந்தது. ஒவ்வொன்றாக அது கொண்டுவந்து வைக்க வைக்க, வெளிச்சம் ஒவ்வொரு விரற்கடையாகக் குறைந்துகொண்டே வந்தது.